ரோமெலுக்கு வாய்த்த அக்கா

தெலெஸ்போரோ மணிலாவின் தொண்டோ பேட்டையில் ஜீப்னி என்கிற சவாரி வண்டி ஓட்டியவன். அந்த முகத்தைப் பார்த்த படக் கம்பெனிக்காரர்கள் ரோமெல் என்று பெயர் வைத்தார்கள், பல்லைச் சரிபண்ணினார்கள், கடைசியில் பெண்டாட்டியையும் இல்லாமல் பண்ணினார்கள். கதாநாயகன் பிரம்மச்சாரியாக இருந்தால்தான் பெண்கள் கொட்டகைக்கு வருவார்களாம்! மரிவிக் என்ற நடிகையோடு ஜோடி சேர்த்தாயிற்று. கட்டின மனைவி அடெல்ஃபா ஊருக்கு அக்கா ஆனாள். அவள் வயிற்றுப் பிள்ளைக்கு ஓர் அப்பன் வேண்டுமே? கப்பலில் போன மாலுமி ஒருவன் என்று கம்பெனியே கதை கட்டிவிட்டது.

"ரெண்டே படம்டி. அப்புறம் நானே மைக்கைப் பிடிச்சுச் சொல்றேன், இவதான் என் பொண்டாட்டின்னு."

நம்பினாள், ஏமாளி. இரண்டு படம் நாலே வருஷத்தில் இருபதாயிற்று. ரசிகைகள் பலகாரத் தட்டோடு அவளிடமே தூது வந்தார்கள்.

"நீங்க ஒரு வார்த்தை சொன்னா தம்பி மரிவிக்கைக் கட்டிக்குவாரு. மனசு வைங்கக்கா!"

சிரித்தபடி தட்டை வாங்கிக்கொள்வாள். மகள் நிங்நிங் பெற்ற அப்பனை மாமா என்று கூப்பிட்டு வளர்ந்தாள்.

பிறகு புதுமுகம் ஒன்று வந்தது. ரோமெலைச் சீண்ட ஆளில்லை. அவன் ஜின் பாட்டிலைப் பிடித்துக்கொண்டான்.

"இப்பவாவது சொல்லித் தொலையேன். இனிமே போறதுக்கு உங்கிட்ட என்ன இருக்கு?"

"மிச்சமிருக்கிற நாலு பேரும் போயிடுவாங்கடி."

அந்த நாலு பேருக்காக வாயைத் திறக்காமலே ஈரல் வெந்து செத்தான், பாவி.

செத்ததும் தெருவே கொள்ளவில்லை. சவப்பெட்டிக்குப் பக்கத்து நாற்காலியில் மரிவிக்கை உட்கார வைத்தார்கள். "கொஞ்சம் நகருங்கக்கா, அவங்க அழுவட்டும்" என்று ஒருத்தி அடெல்ஃபாவைத் தள்ளிவிட்டாள். அவள் வந்தவர்களுக்குக் காப்பி ஊற்றப் போனாள்.

பெட்டி எடுக்கும் நேரம் வந்தது. செத்தவர் பெற்ற சின்னப் பிள்ளையைப் பெட்டிக்கு மேலே தூக்கிக் கைமாற்றாவிட்டால் ஆவி பிள்ளையைத் தேடி வரும் என்பது அந்த ஊர் நம்பிக்கை.

"பிரம்மச்சாரிக்குப் பிள்ளை ஏது? தூக்குங்கப்பா" என்றார் ஒரு கிழவர்.

அடெல்ஃபாவுக்குப் பொறுக்கவில்லை. யாரோ சொன்ன பொய்க்காக மகளைப் பேய்க்குக் கொடுப்பாளா?

"நில்லுங்க! இது அவரு பெத்த பொண்ணு!"

ஏழு வயது நிங்நிங்கைத் தூக்கிப் பெட்டிக்கு மேலே நீட்டினாள். எதிர்ப்பக்கம் நின்ற மரிவிக் மிரண்டுபோய்க் கை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

கூட்டம் ஓவென்று அலறியது.

"ஐயோ, ரெண்டு பேருக்கும் ரகசியமா கல்யாணம் ஆயிருக்குடீ! பிள்ளையும் இருந்திருக்கு!"

மரிவிக் மறுக்கவில்லை. படமில்லாமல் உட்கார்ந்திருந்தவள் அவள். பிள்ளையை இறுக அணைத்துக்கொண்டு போட்டோக்காரர்கள் பக்கம் திரும்பினாள்.

"நான்தாங்க... நான்தாங்க பொண்டாட்டி" என்று அடெல்ஃபா கத்தியது யார் காதில் விழுந்தது? நாலைந்து பெண்கள் அவளைக் கட்டிப்பிடித்துக் கதறினார்கள்.

"தம்பி பிள்ளைய ஒங்க பிள்ளைன்னு சொல்லி வளத்தீங்களே! நீங்க மனுஷியே இல்லக்கா, மாதா!"