ஆளுக்கு ஒரு அமுக்கு

என் விளம்பரத்தைச் சாகடித்தது என் தாய்மாமன். வேறு யாரும் இல்லை. போட்டிக்காரன் இல்லை. இணையத்தில் கோட் போட்டுக்கொண்டு "வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம்" என்று கத்தினானே, அந்த ஆளும் இல்லை. உசிலம்பட்டிச் சந்தைக்குள் தோளில் துண்டோடு திரியும் என் மாமாதான்.

நடந்ததைச் சொல்கிறேன். நான் மாட்டுத்தீவனக் கம்பெனி ஒன்றில் ஊர் ஊராகச் சுற்றும் வேலையில் இருந்தேன். மதுரை டிப்போவை ஒருநாள் இழுத்து மூடினார்கள். ஒத்தக்கடையில் வாடகை வீடு. மனைவி பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். அவள் சம்பளத்தில் வீடு ஓடியது. மேலூர் ரோட்டில் பைப் கடை வைத்திருக்கும் என் அண்ணன், கடைக்கு வந்து நில் என்றான். அவனுக்கு நான் இன்னும் டவுசர் போட்ட தம்பி. கடைக்கு வருகிறவர் முன்னால் "டேய், அந்த எல்போவ எடுறா" என்பான். எனக்கும் தலை நரைக்கிறது. போகமாட்டேன் என்றேன்.

அப்போதுதான் அஃபிலியேட் மார்க்கெட்டிங்கில் விழுந்தேன். பொருள் நம்முடையது இல்லை, கடையும் நம்முடையது இல்லை. ஆன்லைனில் விற்கிற ஒரு கம்பெனிக்கு நாம் ஆள் பிடித்து அனுப்ப வேண்டும். நம் லிங்க் வழியாகப் போனவர் வாங்கினால் நமக்குக் கமிஷன். ஆள் பிடிக்க, தேடுகிற இடத்தில் விளம்பரம் போட வேண்டும். யாராவது போனில் ஒரு பொருளைத் தேடினால் நம் விளம்பரம் மேலே நிற்கும். அதை அமுக்கினால் நம் பக்கம் திறக்கும். ஒவ்வொரு அமுக்குக்கும் நம்மிடம் காசு பிடிப்பார்கள். அமுக்கியவர் வாங்கினாலும் பிடிப்பார்கள், வாங்காவிட்டாலும் பிடிப்பார்கள்.

நான் எடுத்தது தீவனம் வெட்டும் மெஷின். மாட்டைப் பற்றி எனக்குத் தெரியும். சோளத்தட்டையை அரிவாளால் நறுக்கிக் கை வலிக்கிறவர்களைத் தெரியும். இதை விற்க முடியாவிட்டால் நான் எதைத்தான் விற்பேன்?

தேடல் கம்பெனிக்காரர்கள் முதல் விளம்பரத்தை ஏற்கவில்லை. இரண்டாவதையும் ஏற்கவில்லை. காரணம் என்று ஒரு வரி அனுப்புவார்கள், அதைப் பத்துத் தடவை படித்தாலும் புரியாது. கடைசியில் சொந்தமாக ஒரு பக்கம் கட்டி, மெஷின் ஓடும் படத்தைப் போட்டு, கரண்டு எவ்வளவு இழுக்கும், பிளேடு எப்படி மாற்றுவது என்றெல்லாம் எழுதிய பிறகு விட்டார்கள். விட்டதும் வந்தவர்கள் பாதிப் பேர் "மானியம்" என்று தேடி வந்தவர்கள். இலவசமாகக் கிடைக்குமா என்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். அந்தச் சொல்லோடு தேடினால் விளம்பரம் காட்டாதே என்று நிறுத்தி வைக்கலாம் என்பது எனக்குக் காசு போன பிறகுதான் தெரிந்தது.

விளம்பரத்துக்குக் காசு போனது என் மனைவியின் கார்டிலிருந்து. ஆடி முழுக்கப் பொறுத்தாள். பிறகு ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்.

"தீவாளிக்குள்ள ஒரே ஒரு மெஷினாவது வித்துக் காட்டுங்க. இல்லன்னா இந்த லேப்டாப்ப மூடி வச்சுட்டு உங்க அண்ணன் கடைக்குக் கெளம்புங்க."

"வித்துருவேன்."

"யாருக்கு? எதுத்த வீட்டுப் பூனைக்கா?"

அந்த வாரம்தான் அதிசயம் நடந்தது. காலையில் பார்த்தால் அமுக்குகள் வந்து குவிகின்றன. உசிலம்பட்டி, செக்கானூரணி, எழுமலைப் பக்கம் முழுக்க. பத்து மணிக்குள் அன்றைய பட்ஜெட் தீர்ந்து விளம்பரம் நின்றுவிடும். ஆனால் ஒரு மெஷின்கூட விற்கவில்லை.

எனக்குத் தெரிந்த மட்டும் யோசித்தேன். பால் கறந்துவிட்டு டீ குடிக்கிற நேரத்தில் விவசாயிகள் தேடுகிறார்கள் என்று முடிவு செய்தேன். வந்து பார்த்துவிட்டு வாங்காமல் போவதால் என் பக்கத்தில்தான் கோளாறு என்று நினைத்தேன். படத்தை மாற்றினேன். எழுத்தைப் பெரிதாக்கினேன். "தீவனம் வெட்டும் மெஷின் உசிலம்பட்டி" என்று அத்தனை பேரும் ஒரே மாதிரி தேடுவதைப் பார்த்து, புதையல் கண்டுபிடித்தவன் மாதிரி குதித்தேன். அந்தத் தேடலுக்கு மட்டும் கூடுதல் காசு கொடுக்கிறேன் என்று ஏற்றிவிட்டேன். மறுநாள் பட்ஜெட் எட்டரைக்கே தீர்ந்தது.

ஆவணியில் உசிலம்பட்டியில் பங்காளி வீட்டுக் காதுகுத்து. பஸ் ஏறும்போதே மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பந்தலுக்குள் நுழைந்ததும் ஒரு சித்தப்பா கையைப் பிடித்தார்.

"என்னப்பா, யாவாரம் எப்படி? நான் தெனமும் தவறாம அமுக்கிருறேன்."

"எத சித்தப்பா?"

"ஒன் வெளம்பரத்தத்தான். காலையில எந்திரிச்சதும் மொத சோலி அதான்."

பந்தியில் உட்கார்ந்திருந்த மாமா வீட்டு அத்தை அங்கிருந்தே குரல் கொடுத்தார். "எங்க வீட்டுல நாலு போனு மாப்ள. நாலுலயும் அமுக்குறோம். அந்த மேலவீட்டுக்காரி ஒத்தப் போனோட நிப்பாட்டிக்கிட்டா, கேட்டுக்க."

"யாரு சொன்னா? ரெண்டு!" என்று மேலவீட்டுக்காரி சாம்பார் வாளியோடு சண்டைக்கு வந்தார்.

இது யார் வேலை என்று கேட்டேன்; எல்லாரும் மாமாவைக் காட்டினார்கள். நேரே போய் மாமாவைப் பிடித்தேன். சமையல்காரரிடம் ரசத்தில் புளிப்பு கூடிவிட்டது என்று தகராறு செய்துகொண்டிருந்தார்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. உறவுக்காரன் கடை திறந்தால் சொந்தபந்தம் அத்தனை பேரும் போய் ஏதாவது வாங்க வேண்டும். பெட்டிக்கடை என்றால் ஒரு தீப்பெட்டியாவது. போகாதவனை அடுத்த விசேஷத்தில் வைத்துக் கேட்டுவிடுவார்கள். மாமா அதையே செய்திருக்கிறார். போனில் ஒரு குரூப் ஆரம்பித்து, எனக்குக் கூச்சமாக இருக்கும் என்று என்னை மட்டும் சேர்க்காமல், என்ன தேட வேண்டும் என்று எழுதியே அனுப்பியிருக்கிறார். நான் கண்டெடுத்த புதையல் மாமாவின் எழுத்து. அமுக்கியவர்கள் அதைப் படம் பிடித்துக் குரூப்பில் போட வேண்டும். போடாதவருக்கு மாமா போன் பண்ணுவார்.

"மாமா, ஒவ்வொரு அமுக்குக்கும் என் காசு போகுது மாமா!"

"போகுதா? வருதுன்னுல்ல நெனச்சேன்."

"எப்படி வரும்?"

"கடைக்கு ஆள் வந்தா நல்லதுதான மாப்ள? கூட்டத்தப் பாத்துத்தான கூட்டம் வரும்?"

ஒரே ஆள் ஒரே போனில் திரும்பத் திரும்ப அமுக்கினால் அதைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுவார்களாம். இது அப்படியா? ஊருக்கு ஊர் வேறு வேறு போன், வேறு வேறு ஆள். எந்த மெஷினால் கண்டுபிடிக்க முடியும், இவர்கள் எல்லாரும் ஒரே காதுகுத்துக்கு மொய் வைக்கிறவர்கள் என்று?

நான் பந்தலிலேயே கத்திவிட்டேன். இனிமேல் ஒருத்தர்கூட அமுக்கக் கூடாது என்றேன். அத்தை இலையை மூடினார். என் மனைவி மட்டும் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். கோபத்தில் அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் திரும்பும்போது, "இம்புட்டுப் பேரு தெனமும் காலையில உங்கள நெனச்சிருக்காங்க" என்றாள். அதன் பிறகும் கெடுவை ஒருநாள்கூடத் தள்ளவில்லை. அவள் அப்படித்தான்.

அதற்கு முன்னால், நாங்கள் கிளம்பும்போது மாமா பஸ் ஸ்டாண்டு வரை வந்திருந்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒன்று கேட்டார்.

"அப்ப அமுக்கி, வாங்கவும் செஞ்சாத்தான் ஒனக்கு வருமா?"

"ஆமா மாமா. சும்மா அமுக்குனா நட்டம்."

"சரி சரி. ஒன் வீட்டுல தீவாளி வரைக்கும்தான் கெடு வச்சிருக்குன்னு தங்கச்சி சொன்னா."

தங்கச்சி என்றால் என் அம்மா. அவளிடம் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி.

அமுக்குகள் குறைந்தன. இப்போது வந்தவர்கள் நிஜமாகவே தேடி வந்தவர்கள். அவர்கள் எங்கே நின்று படிக்கிறார்கள், எதைப் பார்த்து விலகுகிறார்கள் என்று எனக்குப் பிடிபட ஆரம்பித்தது. ஆனாலும் ஒருவரும் வாங்கவில்லை. தீபாவளி நெருங்கியது. அண்ணன் போன் செய்து, கடையில் ஒரு ஸ்டூல் வாங்கிப் போட்டிருப்பதாகச் சொன்னான்.

தீபாவளிக்கு முந்தின வாரம் கணக்கைத் திறந்தேன். ஒரு ஆர்டர். ஒரே ஒரு மெஷின். யார் வாங்கினார் என்று கமிஷன் கணக்கில் காட்டமாட்டார்கள். எனக்குத் தேவையும் இல்லை. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு ஓடினேன். மனைவி பலகாரக் கரண்டியோடு திரையை உற்றுப் பார்த்தாள். பிறகு ஒரு முறுக்கை எடுத்து என் வாயில் திணித்தாள். அண்ணனின் ஸ்டூலில் நான் உட்காரவில்லை.

அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் மேலே வந்தேன். தை பிறப்பதற்குள் இன்னும் சில விற்றன. பெரிய பணம் இல்லை. ஆனால் கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

மாட்டுப் பொங்கலுக்கு மாமா வீட்டுக்குப் போனோம். மாமாவுக்கு மாடு கிடையாது. முழங்கால் வலி வந்ததும் எல்லாவற்றையும் விற்றுவிட்டார். கை கழுவலாம் என்று கொல்லைப்புறம் போனேன். காலித் தொழுவத்தின் நடுவில், நான் படம் போட்டு விற்கிற அதே மெஷின் நின்றது. பிளேடில் கம்பெனி தடவிய எண்ணெய்கூடக் காயவில்லை. சந்தனம் வைத்து, குங்குமம் இட்டு, கழுத்தில் மாலை போட்டிருந்தார்கள்.

"இது யாருது மாமா?"

"அது ஒரு பங்காளி வச்சுட்டுப் போனான்."

"எந்தப் பங்காளி?"

"பொங்கல் ஆறுது பாரு, வா மாப்ள" என்று முதுகைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அத்தை அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். நானும் விட்டுவிட்டேன்.

இப்போது விடுவதாக இல்லை மாமா. நான் விற்ற முதல் மெஷின் என் எழுத்தைப் படித்து யாரோ ஒரு விவசாயி வாங்கியதா, என்னை அந்த ஸ்டூலில் உட்காரவிடாமல் தடுக்க நீங்கள் வாங்கியதா? எனக்குத் தெரிந்தாக வேண்டும். காசைத் திருப்பித் தரமாட்டேன், பயப்பட வேண்டாம். அந்தக் குரூப்பில் இப்போது நானும் இருக்கிறேன். தனியாக எனக்குப் போன் செய்யக் கூடாது. கும்பிடுகிற கைப் படத்தைப் போட்டுத் தப்பிக்கவும் கூடாது. பங்காளிகள் அத்தனை பேரும் பார்க்க அங்கேயே எழுதுங்கள் மாமா: மாடு இல்லாத வீட்டில் தீவனம் வெட்டும் மெஷின் எதற்கு?