அய்யாவின் பூச்சும் அம்மாவின் புளியும்

எங்கள் அய்யா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. நினைவுத் திருப்பலிக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய இளைய மகள் எழுதுவது. நல்ல மனிதர், உழைப்பாளி, யாரிடமும் அதிர்ந்து பேசாதவர் என்று மற்றவர்கள் இதே மலரில் எழுதியிருக்கிறார்கள். முதல் இரண்டும் சரி. மூன்றாவதை, ஈரக் குடையை அவருடைய இரும்புக் கட்டிலில் சாய்த்து வைத்து வாங்கிக் கட்டிக்கொண்ட யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

அய்யா என்ன வேலை பார்த்தார் என்பது பாம்பனில் பாதிப் பேருக்குக் கடைசி வரை விளங்கவில்லை. துப்பாக்கி செய்கிறார் என்றார்கள் சிலர். துப்பாக்கிக்குப் பெயிண்ட் அடிக்கிறவர் என்றார்கள் சிலர். பெயிண்ட் என்ற சொல் காதில் விழுந்தால் அய்யாவின் முகம் சுருங்கிவிடும். “பெயிண்ட் இல்லப்பா, பூச்சு” என்று தொடங்குவார். கேட்டவர் அதற்குள் பஸ் ஏறியிருப்பார். ஆகவே அவர் சொல்லி முடிக்காததை நான் இங்கே எழுதிவிடுகிறேன். கூடவே, எங்கள் வீட்டில் நடந்து, போன வருஷம் வரை எங்களுக்கே முழுதாகத் தெரியாமல் இருந்த ஒரு விஷயத்தையும் எழுதுகிறேன். அதை அச்சில் போடச் சொன்னவர் அம்மாதான்.

அய்யா பாம்பனில் மீன்பிடிக் குடும்பத்தில் மூத்த மகனாகப் பிறந்தார். படகு ஏறினால் அவருக்கு வாந்தி நிற்காது. மூன்று முறை முயன்று பார்த்துவிட்டு, கடலுக்குத் தம்பியை அனுப்பிவிட்டு இவர் ஐ.டி.ஐ. சேர்ந்தார். அதைப் பற்றி அவருக்குக் கூச்சமே இருந்ததில்லை. “கடல் எனக்குச் சேரல. ஆனா அது இரும்ப என்ன பண்ணும்னு எனக்குத் தெரியும்” என்பார். உப்புக் காற்றில் புது ஜன்னல் கம்பி ஒரு மழைக்காலத்துக்குள் பழுப்பேறுவதைப் பார்த்து வளர்ந்தவர். தொலைவில் ஒரு துப்பாக்கித் தொழிற்சாலையில் வேலை கிடைத்தபோது, எந்தப் பிரிவு வேண்டும் என்று கேட்டதற்குப் பூச்சுப் பிரிவு என்று கேட்டு வாங்கிக்கொண்டார். அங்கே போக அப்போது யாரும் பிரியப்படுவதில்லையாம். ஆவியும் அமில நெடியுமாக இருக்கும் இடம்.

வேலை இதுதான். துப்பாக்கிக்குள் போல்ட் என்று ஒரு பாகம் முன்னும் பின்னும் ஓடும். அது வழுக்கி ஓட எண்ணெய் வேண்டும். எண்ணெய் போட்டால் மணலும் தூசியும் வந்து அப்பிக்கொள்ளும், போல்ட் சிக்கும். போடாவிட்டால் தேயும், எங்கள் ஊர் மாதிரி இடத்தில் துருவும் பிடிக்கும். எண்ணெய் இல்லாமலே வழுக்க வேண்டும், துருவும் அண்டக் கூடாது. அதற்குத்தான் பூச்சு. எஃகைக் கழுவி, மணலைக் காற்றில் பீய்ச்சிச் சொரசொரப்பாக்கி, பாஸ்பேட் தொட்டியில் முக்கி, அதன் மேல் முடியை விட மெல்லியதாக உலர்ந்த பூச்சு ஒன்றைத் தெளித்து, அடுப்பில் வைத்துச் சுட்டு எடுப்பார்கள். முடிந்த பிறகு பார்த்தால் கரும்பலகை நிறத்தில் மங்கலாக இருக்கும். விரலால் தடவினால் சோப்பு தடவியது போல நழுவும். அய்யா அதைப் பற்றிப் பேசும்போது கை தானாக அந்தரத்தில் எதையோ தடவும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கழுவிய எஃகை வெறுங்கையால் தொடக் கூடாது. சிலருடைய வியர்வை பட்டால் மறுநாளே விரல் ரேகை துருவாக எழுந்து நிற்கும். புதிதாக வருகிறவர்களை ஒரு தகட்டைத் தொடச் சொல்லிப் பார்ப்பார்களாம். அன்று தொட்டவர்களிலேயே மோசமான துருக் கை அய்யாவுடையது. வேறு பிரிவுக்குப் போகச் சொன்னார்கள். அய்யா போகவில்லை. அன்று போட்ட பருத்திக் கையுறையை வேலைக்காலம் முழுவதும் கழற்றவில்லை. வீட்டிலும் கத்தரிக்கோலைக் கைக்குட்டையால்தான் எடுப்பார். கல்யாணத்தில் மோதிரத்தையும் கைக்குட்டையோடு எடுத்து நீட்ட, “தங்கம் துருப்பிடிக்காது, தைரியமாத் தொடு” என்று சாமியார் பீடத்திலேயே சொன்னாராம். அம்மா இதைச் சொல்லாத கிறிஸ்துமஸ் எங்கள் வீட்டில் இல்லை.

துப்பாக்கி சம்பந்தப்பட்ட வேலை என்பதால் வீட்டுக்குள்ளேயே வருத்தம் இருந்ததை மறைக்க வேண்டியதில்லை. கடலில் துப்பாக்கியைப் பார்த்து வலையை அறுத்துவிட்டு ஓடி வந்தவர் எங்கள் சித்தப்பா. “நீ பளபளன்னு வழுக்க விடு, அங்கன ஒருத்தன் எங்கள நோக்கி நீட்டட்டும்” என்று ஒருநாள் சோற்றுத் தட்டின் முன்னால் சொல்லிவிட்டார். அய்யா சோற்றைப் பிசைந்து சாப்பிட்டு முடித்தார். பிறகு, “காவலுக்கு நிக்கிறவன் கையில இருக்கது நம்பகமா இருந்தா அவன் பதறமாட்டான். பதறாதவன் சீக்கிரம் சுடமாட்டான்” என்றார். சித்தப்பா அதை ஏற்றுக்கொண்டாரா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அய்யாவின் சவப்பெட்டியை முதலில் தோள் கொடுத்துத் தூக்கியவர் அவர்தான்.

இனி அம்மாவின் கதைக்கு வருகிறேன்.

தொழிற்சாலையில் புதிய உலர் பூச்சு ஒன்றைப் பரிசோதித்த காலம். உப்பு நீரைப் புகையாக அடிக்கும் பெட்டிக்குள் தகடுகளை வைத்துப் பார்த்தார்கள். தேறியது. அய்யாவுக்கு மனம் ஒப்பவில்லை. பெட்டிக்குள் அடிப்பது ஒரே சீரான உப்பு. பாம்பனில் உப்பு, வெயில், பனி, மணல் எல்லாம் முறை வைத்து வந்து அடிக்கும் என்று அதிகாரியிடம் சொல்லியிருக்கிறார். அவர் முதலில் சிரித்து, பிறகு எழுத்தில் அனுமதி கொடுத்தார். துப்பாக்கிப் பாகம் எதுவும் இல்லை. அதே எஃகில் வெட்டி, கோப்பதற்கு ஓட்டை இட்டுப் பூச்சு போட்ட, விரல் நீளத் தகடுகள் பன்னிரண்டு. எங்கள் மொட்டை மாடியில், அம்மா கருவாடு காயப் போடும் இடத்துக்குப் பக்கத்தில், கடலைப் பார்த்தாற்போல ஒரு மரச் சட்டத்தில் கம்பியில் கோத்துத் தொங்கவிட்டுப் போனார். ஒப்பிட்டுப் பார்க்கப் பூச்சுப் போடாத தகடு ஒன்றை எண்ணெய்க் காகிதத்தில் சுற்றித் தன் டிரங்குப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார்.

“ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சு வந்து பாரு. துரு இருக்கா இல்லையானு நோட்டுல எழுது. யாரையும் தொட விடாத” என்று அம்மாவிடம் சொன்னார்.

அம்மா எழுதினார். வாரா வாரம் ‘இல்லை’ என்று எழுதினார். நான்கு மாதம் கழித்து அய்யா விடுப்பில் வந்தபோது தகடுகள் கருகருவென்று, அன்று தொங்கவிட்டது போலவே இருந்தன. அய்யா மாடியிலேயே நின்று சிரித்ததை நான் பார்த்திருக்கிறேன். கையுறை போட்டு அவிழ்த்து எடுத்துக்கொண்டு போனார். பூச்சு தேறியது என்று அறிக்கை கொடுத்தார். அதை நம்பி முதல் தொகுதிப் பாகங்களுக்குப் பூச்சுப் போட்டு முடித்தார்கள். கடலோரக் காவலுக்குப் போக வேண்டியவை அவை. அய்யாவுக்கு ஃபோர்மேன் பதவி உறுதி என்று பேச்சு அடிபட்டது.

அடுத்து ஈஸ்டருக்கு வந்தார். சாப்பிட உட்கார்ந்தவரிடம் பூச்சு தேறியதைப் பற்றி அம்மா தானாகவே பெருமையாகச் சொன்னார்: “சும்மாவா தேறுச்சு? ரெண்டாவது மாசமே பொட்டுப் பொட்டா வந்துருச்சு. நான் விடுவனா? சனிக்கெழம சனிக்கெழம புளியப் போட்டு லேசாத் தேச்சு, தேங்காண்ண தொட்டுத் தொடச்சு வச்சிருவேன். ஒங்க பேரு கெட்டுப் போகக் கூடாதுல்ல.”

அய்யாவின் கை தட்டிலேயே நின்றது. நானும் அக்காவும் அம்மாவுக்கு ஏதோ நடக்கப் போகிறது என்று பயந்தோம். ஈரக் குடைக்கே வீட்டை இரண்டாக்கும் மனிதர். அவர் தட்டை அம்மா பக்கம் நகர்த்தினார். “மீன் கொழம்பு இன்னும் கொஞ்சம் ஊத்து” என்றார். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்து, “அடுத்த தடவ துரு வந்தா வந்தபடியே விட்ரு. எனக்குத் துருதான் வேணும். அது எங்கன வருதுனு தெரிஞ்சாத்தான் எனக்கு வேலை” என்றார். மறுநாள் காலை பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். விடுப்பு இன்னும் ஐந்து நாள் பாக்கி இருந்தது. அவசர வேலை என்றார், நாங்களும் நம்பினோம்.

திரும்பவும் தகடுகள் வந்தன. இம்முறை அம்மா கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் பார்த்தார். நோட்டில் எழுதியது என்னிடம் இருக்கிறது. ‘மூணாவது, கடுகு அளவு, ஓட்டை ஓரம்.’ ‘ஏழாவது, ஓட்டை ஓரம்.’ சில வாரங்கள் கழித்து: ‘எல்லாத்துலயும் ஓட்டை ஓரந்தான். நடுவுல ஒண்ணும் இல்லை.’ கூரான விளிம்பில் பூச்சு மெலிந்து போகிறது என்பதை அய்யா அந்த வரியில்தான் பிடித்தார். விளிம்புகளை மழுக்கிவிட்டுப் பூச்சுப் போடும் முறை அதற்குப் பிறகு வந்தது. அடுத்த தகடுகள் இரண்டு மழைக்காலம் தொங்கின. அம்மா எழுதிய ‘இல்லை’ எல்லாம் இம்முறை உண்மையான ‘இல்லை’.

எங்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மீதியை, போன வருஷம் அடக்கத்துக்கு வந்திருந்த அய்யாவின் பழைய கூட்டாளி ஒருவர் சொன்னார். நாங்கள் மாமா என்று கூப்பிடுகிறவர். அந்த ஈஸ்டர் முடிந்து திரும்பிய அய்யா நேராக அதிகாரியின் அறைக்குப் போய், அறிக்கை தவறு, தொகுதியை நிறுத்துங்கள் என்றிருக்கிறார். பூச்சுப் போட்டது அத்தனையையும் உரித்து, முதலிலிருந்து செய்ய வேண்டி வந்தது. யார் தகட்டைத் துடைத்தது என்று விசாரணையில் கேட்டிருக்கிறார்கள்.

“‘என் வீட்டுல இருந்துச்சு, நான்தான் பொறுப்பு. எண்ணெ வாசம் அடிச்சிருக்கும், சந்தோசத்துல நான் மோந்து பாக்கல. தப்பு என்னோடது’னு எழுதிக் குடுத்தாரு” என்ற மாமா அம்மாவைக் காட்டினார். “தங்கச்சிய பத்தி ஒரு வார்த்த எழுதல. ஃபோர்மேன் வேற ஆளுக்குப் போச்சு. கடைசி வரைக்கும் இவருக்கு வரவே இல்ல.”

அம்மா அய்யாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். அழுது ஓய்ந்திருந்த நேரம். “எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல” என்று அய்யாவின் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டார். எனக்கு அந்த நேரத்தில் அய்யா மேல் கோபம் கூட வந்தது. இத்தனை வருஷம், எத்தனையோ சண்டைகளில், ஒரு தடவையாவது வாய் தவறி வந்திருக்கலாமே. வரவில்லை. அப்படி ஒரு மனிதரோடு இருந்தோம் என்பதே அவர் போன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

ஓய்வு பெற்று ஊர் திரும்பிய பிறகும் அய்யாவுக்குக் காது மட்டும் வேலையில்தான் இருந்தது. ஒரு திருவிழாக் காவலுக்குத் துப்பாக்கியோடு நின்ற போலீஸ்காரரிடம் போய், “தம்பி, அந்த போல்ட்ட ஒருதரம் இழுத்து விடுறீகளா, சத்தம் கேக்கணும்” என்றார். “பெரியவரே, தள்ளி நில்லுங்க” என்று அவர் குரலை உயர்த்த, நான் ஓடிப் போய் மன்னிப்புக் கேட்டுக் கூட்டி வந்தேன். பணி முடிந்து அவர்கள் ஜீப்பில் ஏறும் வரை அய்யா சற்றுத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். ஏறும் முன் அந்த போலீஸ்காரர் துப்பாக்கியைச் சோதித்தபோது போல்ட் ஓடிய சத்தம் கேட்டது. “நம்மளதுதான்” என்றார் அய்யா. உண்மையா என்று யாருக்குத் தெரியும். அன்று முழுவதும் நல்ல முகத்தோடு இருந்தார்.

கடைசி மாதங்களில் இதயம் தளர்ந்துவிட்டது. ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தோம். ஒருநாள் டிரங்குப் பெட்டியைத் திறக்கச் சொல்லி, எண்ணெய்க் காகிதத்தில் இருந்த அந்த வெறும் தகட்டை எடுத்துத் தரச் சொன்னார். நான் வழக்கப்படி கைக்குட்டையோடு நீட்டினேன். துடைத்துக் கொடு என்றார். எண்ணெய் போகத் துடைத்துக் கொடுத்தேன். வெறுங்கையால் வாங்கிக்கொண்டார். “இனி என்ன” என்றார். பகல் முழுவதும் அதைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்திருந்தார். இரண்டு நாள் கழித்து, பிற்பகலில், அம்மாவின் மடியில் அவர் மூச்சு நின்றது.

அய்யாவைக் கவனித்துக்கொண்ட மருத்துவருக்கும் செவிலியருக்கும், நேரம் பார்க்காமல் ஆட்டோ ஓட்டிய பக்கத்து வீட்டு அண்ணனுக்கும், அடக்கத்துக்குக் கடலுக்குப் போகாமல் இருந்த எங்கள் தெருப் படகுக்காரர்களுக்கும், பங்குத்தந்தைக்கும், ஏர்வாடியிலிருந்து தினமும் பேசி அம்மாவுக்குத் தைரியம் சொன்ன அய்யாவின் நண்பர் குடும்பத்துக்கும், உண்மையைச் சொன்ன மாமாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அந்தத் தகட்டை முப்பதாம் நாள் பூசைக்கு வீடு கழுவும்போது தலையணைக்கு அடியிலிருந்து அக்கா எடுத்தார். அதன் மேல் அய்யாவின் கட்டை விரல் ரேகை, ஒரு வரி குறையாமல், பழுப்புத் துருவாக எழுந்திருந்தது. எனக்குக் கை தானாகத் துணிக்குப் போயிற்று. அம்மா பாய்ந்து வந்து என் கையைப் பிடித்தார்.

“தொடச்சிராத” என்றார். “அது ஒங்க அய்யா.”

இப்போது அது ஒரு கண்ணாடிப் புட்டிக்குள் அவருடைய படத்துக்குக் கீழே இருக்கிறது. உப்புக் காற்றுப் படாமல் இருக்க, அய்யாவின் மாத்திரை டப்பாக்களில் இருந்த ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலங்களை அம்மா சேர்த்து வைத்து உள்ளே போட்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து புட்டியைப் பார்த்துவிட்டுப் பழைய நோட்டில் எழுதுகிறார். போன வாரம் எழுதியது: ‘இருக்கிறது.’