அத்தை ரேம் மாட்டிய வீடு

என் அத்தைக்குப் பிடிவாதம் அதிகம் என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். அப்பாவின் தங்கை அவர். கம்ப்யூட்டர் டிப்ளமோ முடித்துவிட்டு, டவுனுக்கு வேலைக்குப் போ என்று சொன்னதைக் கேட்காமல், குன்னத்தில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே ரிப்பேர் கடை போட்டார். திறந்த புதிதிலேயே அந்தக் கடையை மூடவைக்கப் பார்த்தது, ஒரு சாண்கூட இல்லாத ரேம் என்ற மெமரி அட்டை.

எங்கள் ஊர்ப் பெரிய வீட்டுக்காரரின் கம்ப்யூட்டருக்காக வாங்கியது அது. வெளிநாட்டில் இருக்கும் மகனோடு அவர் முகம் பார்த்துப் பேச ஆரம்பித்தால், மகன் திறந்த வாயோடு திரையில் உறைந்துபோவார். இன்னொரு ரேம் போட்டால் சரியாகும் என்றார் அத்தை. ஆனால் அவர் ஸ்க்ரூ கழற்றத் திரும்பிய நேரத்தில், பெரியவர் ரேமை உறையிலிருந்து உருவி, பாலியஸ்டர் சட்டையில் நன்றாகத் தேய்த்துத் துடைத்து, சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டுக் கொடுத்தார். மாட்டியதும் கம்ப்யூட்டர் பீப் பீப் என்று கத்தியதோடு சரி. சாமான் மட்டம் என்று அவர் சொன்னது, மறுநாளே அந்தப் புள்ளைக்கு வேலை தெரியாது என்று ஊர் முழுக்கச் சுற்றியது. கடைக்கு ஆள் வருவது நின்றது.

அத்தை அழுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ என்னை உட்காரவைத்து, பிளாஸ்டிக் சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத் துணுக்குகளைத் தூக்கிக் காட்டினார். நம் உடம்பிலும் இப்படி மின்சாரம் சேருமாம். நமக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் ரேமில் பாய்ந்தால் ரேம் செத்துவிடுமாம். என் விரலில் கரண்ட் இருக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரையும் மிரட்டிக்கொண்டு திரிந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இன்னொரு ரேமோடு அத்தை கிளம்பினார்.

"வேணாம் புள்ள, விட்டுரு. பெரிய எடத்துல நமக்கு எதுக்கு வம்பு" என்றார் அப்பா.

"வேல தெரியலன்னு சொல்லிட்டாங்கண்ணே. அங்கயே செஞ்சு காட்டிட்டுதான் வருவேன்."

வேறு வழியில்லாமல் அப்பாவும் எங்களோடு வந்தார். உள்ளே வரச் சொன்னார்கள். அத்தையும் நானும் போனோம். அப்பா மட்டும் வெளியிலேயே ஜன்னலோரம் நின்றுகொண்டார்.

அத்தை தரைவிரிப்பைச் சுருட்டச் சொன்னார். பிளாஸ்டிக் நாற்காலியை வெளியே அனுப்பினார். மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டி, அதன் வயரைக் கம்ப்யூட்டர் பெட்டியின் இரும்பில் மாட்டினார். உறையைப் பிரித்ததும் பெரியவர் ஆசையாகக் கையை நீட்டிக்கொண்டு வந்தார்.

"தொடாதீங்க சார்" என்றார் அத்தை. "நீங்க தொட்டா கெட்டுரும்."

பெரியவரின் கை அப்படியே நின்றது. அடுப்படி வாசலில் நின்ற அவர் மனைவி எங்களையே பார்த்தார். பிறகு பெரியவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, "சரிம்மா" என்று ஓரடி தள்ளி நின்றார். அத்தை ரேமின் ஓரங்களை மட்டும் பிடித்துப் பொருத்தி, இரண்டு பக்கமும் அழுத்தினார். டக்கென்று உட்கார்ந்தது. கொஞ்ச நேரத்தில் மகன் திரையில் தடங்கலில்லாமல் சிரித்தார். வேலை சுத்தம் என்று பெரியவரே வாய்விட்டுச் சொன்னார். அத்தைக்கு அது போதும்.

திரும்பி வரும் வழியில் அப்பா நடுரோட்டில் நின்றுவிட்டார்.

"அவருகிட்ட என்னான்னு சொன்ன?"

அத்தை அதையே மறுபடி சொன்னார். அப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அத்தை சிரிக்கவில்லை, அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா அம்மாவிடம் அதைச் சொன்னார். பிறகு என்னைக் கூப்பிட்டு, பெரியவர் ஏன் ரேமைத் தொடக்கூடாது என்று கேட்டார். எனக்குத் தெரிந்த மின்சாரம் முழுவதையும் விளக்கினேன். கவனமாகக் கேட்டுவிட்டு, "மறுக்கா சொல்லு பாப்பா" என்றார்.

அந்த வீட்டு மாடுகளை மேய்த்த சிறுவனாக அப்பா தண்ணீர் கேட்டபோதெல்லாம், சொம்பு அவர்மேல் பட்டுவிடாமல் உயரத் தூக்கித்தான் கையில் ஊற்றினார்கள் என்பதை அப்போது எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அப்பாவுக்குப் பாடம் ஏறவில்லை என்று நினைத்து, அலுத்துக்கொண்டே முதலிலிருந்து ஆரம்பித்தேன்.