அம்மாவின் கடைசிக் கடைவாய்ப் பல்

அம்மாவுக்கு மென்று சாப்பிடக் கீழ்வரிசையில் ஒரே ஒரு கடைவாய்ப் பல்தான் மிஞ்சியிருந்தது. மற்றக் கடைவாய்ப் பற்கள் எல்லாம் அவர் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவிய காலத்திலேயே போய்விட்டன. தோட்டத்தில் பல்வலி என்றால் பிடுங்குவது ஒன்றுதான் வைத்தியம். அந்தக் கடைசிப் பல்லும் வீங்கியபோது, பிடுங்கிக்கொள்ளத்தான் அவர் கிளம்பினார். வீட்டில் முதலில் படித்தவன் நான். விடவில்லை. எங்கள் ஊர் திக்காம் பத்துவிலிருந்து சுங்கை பட்டாணி டவுனில் இருந்த பல் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன்.

"ரூட் கெனால்னு பேருமா. உள்ள இருக்கிற நரம்ப எடுத்துட்டு மருந்து வச்சு அடைப்பாங்க. பல்லு அப்படியே இருக்கும்."

"நரம்பு போனப்புறம் அது என்னா பல்லு? சரி, படிச்சவன் சொல்ற."

வீக்கம் வடிந்தது. இனி அந்தப் பல் சுலபமாக உடையும், மேலே உறை மாட்டும்வரை எதையும் கடிக்க வேண்டாம் என்று மலாய் மொழியில் சொன்ன சீன டாக்டர், அளவெடுத்துக்கொண்டு பத்து நாள் கழித்து வரச் சொன்னார்.

அதற்குள் அப்பா போய்விட்டார். வேலைக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழவில்லை.

கருமாதி முடிந்த வாரம், உறை தயார் என்று கிளினிக்கிலிருந்து போன் வந்தது. தாலி, வளையல், தோடு எல்லாம் கழற்றியிருந்த அம்மா மறுத்துத் தலையை ஆட்டினார்.

"வருசம் திரும்பாம புதுசா எதையும் உடம்புல ஏத்தக்கூடாது தம்பி."

"மா, இது நகை இல்லமா. மருந்து."

"மருந்துன்னா முழுங்கிட்டுப் போயிருவேன். இது வாயிலயே உக்காந்திருக்கும்லா. உங்கப்பா பாக்காத ஒண்ண நான் எப்படிப் போட்டுக்கிறது?"

"பல்லு கலர்லதான் இருக்கும். யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியும்லா."

மொட்டைத் தலையோடு நின்ற நான் கிளினிக்கைத் திரும்பக் கூப்பிட்டேன். ஒரு வருடத் துக்கத்தை டாக்டருக்கு எந்த மொழியில் சொல்வது? அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, பிறகு வருகிறோம் என்றேன்.

சில மாதங்கள் பல் தாங்கியது. பிறகு ஒரு மத்தியானம், பொரித்த நெத்திலியோடு சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தி, உள்ளங்கையில் எதையோ துப்பினார். பாதிப் பல். மீதி வேர்வரை பிளந்துவிட்டது, காப்பாற்ற வழியில்லை என்றார் டாக்டர். பிடுங்கினார்.

"வலிச்சுதாமா?"

"உடஞ்சப்பவே வலிக்கல தம்பி. வலிச்சிருந்தா தேவலாம்னு இருக்கு."

வருடம் திரும்பியது. அப்பாவுக்குப் பிடித்த ஆட்டுக்கறிப் பெரட்டலை வைத்துப் படைத்தோம். நான் வாங்கிக் கொடுத்த புதுச் சேலையை அம்மா கட்டியிருந்தார். சாப்பிடும்போது கறித்துண்டை முன்பல்லால் கடித்து இழுத்துப் பார்த்துவிட்டு இலையோரம் ஒதுக்கினார். நான் பார்ப்பதைக் கவனித்துச் சிரித்தார்.

"இனிமே போட்டுக்கலாம்தான். போடுறதுக்குத்தான் பல்லு இல்ல."

நான் கறியை நாராகப் பிய்த்து அவர் இலையில் வைத்தேன். அப்பாவின் படத்தைப் பார்த்தபடியே, அம்மா அதை மெல்லாமல் விழுங்கினார்.