அம்புக்குறிக்குள் விட்டுப்போன பாடம்

புரதம் எப்படி மடிகிறது என்ற விளக்கத்தைப் பல வருஷங்களாகச் சந்தேகிக்காமலேதான் படிப்பித்து வந்தேன். உயிரியல் ஆசிரியர் தொழில் என்பது, கண்ணால் காணாததைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் போலச் சொல்வது; சோக்கட்டி பிடித்துப் பலகையில் எழுதும் சக ஆசிரியர்களான உங்களுக்குத் தெரியாததா?

நோட்டு

புரதம் அமினோ அமிலங்களின் நீண்ட சங்கிலி. தனக்குரிய வடிவத்தில் மடிந்தால்தான் வேலை செய்யும். என் நோட்டில் இடப்பக்கம் சங்கிலி, வலப்பக்கம் மடிந்த உருண்டை, நடுவில் ஒரு அம்புக்குறி. அவ்வளவுதான். மன்னாரில் உயர்தரம் படித்தபோது எங்கள் உயிரியல் சேர் பலகையில் வரைந்தது. தொண்ணூறாம் ஆண்டுப் போரில் முஸ்லிம்களான எங்களை ஊரைவிட்டுப் போகச் சொன்னபோது, உடுப்பை விட்டுவிட்டு இந்த நோட்டைத் தூக்கி வந்தேன். அப்படிப்பட்ட நோட்டில் பிழை இருக்குமா? அகதியாக வந்து சேர்ந்த கற்பிட்டியில் அதை வைத்தே படிப்பித்துக் காலம் தள்ளினேன். இரசாயனம் படிப்பிக்கும் நண்பர் ஒருநாள் அதைப் புரட்டிவிட்டுச் சொன்னார்: "உடுப்பைக் கொண்டுவந்திருந்தா இவ்வளவு காலத்துக்குள்ள கிழிஞ்சாவது போயிருக்கும்."

பூச்சியம்

ரிஹானா டொக்டராக ஆசைப்பட்ட பிள்ளை. சங்கிலி எல்லா வடிவத்தையும் ஒவ்வொன்றாக முயன்று பார்த்தால் உலகம் அழியும்வரை நேரம் காணாதே என்று வகுப்பில் கேட்டாள். "சோதனைக்கு வராது" என்றேன். நம் தொழிலின் தலைசிறந்த விடை அது.

தவணைச் சோதனையில் அவள் அம்புக்குறிக்குப் பதிலாகப் படிகளை வரைந்திருந்தாள்: அங்கங்கே சிறு சுருள்கள், பிறகு தளர்வான ஒரு குவியல், கடைசியில் இறுகிய வடிவம். நோட்டில் இல்லாததால் பூச்சியம் போட்டேன். கலைப்பிரிவுக்கு மாறக் கடிதத்தோடு வந்தாள். ஏன் என்று கேட்டேன். "அம்புக்குறிய மட்டும் பாடமாக்க எனக்கு ஏலா சேர்."

கண்டக்குழி

மனம் கேட்காமல் கண்டக்குழிக் கடற்கரையில் இருக்கும் அவள் வீட்டுக்குப் போனேன். கரையில் அவள் வாப்பா வலையைத் தோணியில் அடுக்கிக்கொண்டிருந்தார். மிதவைக் கயிறு ஒரு பக்கம், ஈயக் கயிறு மறுபக்கம், நடுவில் வலை சரிந்து சரிந்து குவிந்தது. பார்க்க அலங்கோலமாக இருந்தது. படித்த மனிதனல்லவா, ஒழுங்குபடுத்தலாமென்று நடுவில் கையை விட்டு அமுக்கினேன். இரண்டு கயிறும் சிக்கிக்கொண்டன.

"பாதியில அது அப்படித்தான் சேர் இருக்கும்" என்றார் அவர், சிரிப்பை அடக்கி.

வலையை மடிக்கக் கை இருக்கிறது, புரதத்துக்கு இல்லை. உவமை முழுதாகப் பொருந்தாது. ஆனால் பாதி மடிந்ததைப் பிழையென்று நினைத்துக் கெடுத்தவன் நான்தான், இரண்டு தடவை. பின்னால் நின்ற ரிஹானா சிக்கலைப் பார்த்தாள். "இதுக்கு எத்தன மார்க்ஸ் சேர்?"

மிச்சம்

பூச்சியத்தை வெட்டி முழுப் புள்ளி போட்டேன். அவள் கடிதத்தைக் கிழித்தாள். மன்னாரில் ஓய்வுபெற்று இருக்கும் என் சேரைத் தொலைபேசியில் பிடித்து, ஏன் பிழையாகப் படிப்பித்தீர்கள் என்று கேட்டேன்.

"பிழையில்ல தம்பி. சில சின்னப் புரதம் ஒரே பாய்ச்சலில மடியிற மாதிரித்தான் தெரியும். மற்றதுகளுக்கு இடையில படி இருக்கு. அண்டைக்கு மணி அடிச்சிட்டுது, அடுத்த வகுப்பில சொல்லுவம் எண்டு அம்புக்குறியோட விட்டனான். அடுத்த கிழமை நீங்கள் ஒருத்தரும் ஊரில இல்ல."

ஒரு புதுப் புத்தகத்தைத் திறந்து பார்க்க உனக்கு முப்பது வருஷம் இருந்ததே என்று அவர் கேட்கவில்லை, நானும் அதைச் சொல்லாமல் கேட்டேன்: "அப்ப சேர், அந்த அடுத்த வகுப்ப எப்ப வைப்பீங்க?"