உளியால் போட்ட பிள்ளையார் சுழி

இப்போ இரும்புச் சாமானையே அச்சடிக்கிற மெஷின் வந்திருக்காம். இரும்புத் தூளை உருக்கி, அடுக்கு மேல அடுக்கா ஏத்தி, முழுச் சாமானா எடுத்துடுதாங்களாம். ஆனா அந்தச் சாமான் ஓடி ஓடிக் களைச்சு ஒருநாள் பட்டுனு ஒடியுதாம், ஏன்னு ஆராயுதாங்களாம். பேப்பர்ல படிச்சதும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. அடுக்கடுக்கா இரும்பு ஏத்துறதும், அது ஒடியறதும், அதுக்கு நான் ஏச்சு வாங்குறதும் தொண்ணூறுகள்லயே எங்க ஊர் பேட்டையில, ஒரு வெல்டிங் பட்டறையில நடந்து முடிஞ்ச கதை.

பட்டறை அப்பாவோடது. ரைஸ் மில் மெஷினைச் சுத்த வைக்கிற இரும்புத் தண்டு, அந்தச் சாஃப்ட்டுதான் எங்க சோறு. பேரிங் உக்காருற இடம் தேஞ்சுபோனா, சாஃப்ட்டைக் கழத்தித் தூக்கிட்டு வருவாங்க. தேஞ்ச இடத்துல வெல்டிங் ராடை உருக்கி ஒரு சுத்து, அது மேல இன்னொரு சுத்துன்னு சதை வைக்கணும். உமிச்சாம்பல்ல புதைச்சுப் பைய ஆற விட்டு, லேத்துல ஏத்திக் கடைஞ்சா புதுசு மாதிரி ஆயிரும். நான் பாலிடெக்னிக்ல மெக்கானிக்கல் படிச்சவ. வீட்டுல மாப்பிள்ளை பார்க்க ஆரம்பிச்ச நேரத்துல, நான் வெல்டிங் மறைப்பை முகத்துக்குப் பிடிச்சுட்டு பட்டறையில உக்காந்துட்டேன். அப்பா வேண்டாம்னும் சொல்லல, சரின்னும் சொல்லல.

நான் வந்த வருஷமே மூணு சாஃப்ட்டு ஒடிஞ்சு திரும்பி வந்தது. அதுக்கு முன்னால அப்படி வந்ததே இல்ல. மூணாவது, ஏரல் மில்லுக்காரரோடது. அறுவடை நேரம். நெல்லு மூட்டை களத்துல அடுக்கிக் கிடக்க, மில்லு நின்னுபோச்சு. ஒடிஞ்ச ரெண்டு துண்டையும் தொப்புனு தரையில போட்டார். நான் ஒருத்தி அங்க நிக்கிறதாவே அவர் கண்ணுக்குத் தெரியல. அப்பாவைப் பார்த்துதான் சொன்னார்.

"பொட்டப்பிள்ளை கை வச்ச இரும்பு எங்க அண்ணாச்சி வெளங்கும்?"

அவர் பேசினதைவிட, அப்பா பேசாம நின்னதுதான் எனக்குக் கொதிச்சது. அவர் போன பிறகு அப்பா என்கிட்ட ரொம்ப மெதுவா சொன்னார். இதே சாஃப்ட்டை நீயே இன்னொரு தடவை செய், இதுவும் ஒடிஞ்சா அப்புறம் பட்டறைப் பக்கம் வராதே, வீட்டுல இருன்னார். சரின்னேன். வேற என்ன சொல்ல? ஆனா ஏன் ஒடிஞ்சதுன்னு தெரியாம இன்னொண்ணு செய்ய எனக்கு மனசு வரல.

ஒடிஞ்ச மூணையும் மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, வெயில்ல வரிசையா வச்சேன். ஒரு கம்பியை இங்கிட்டும் அங்கிட்டுமா வளைச்சு வளைச்சு ஒடிப்போமே, சாஃப்ட்டும் அப்படித்தான் ஒடியும். பெல்ட்டு இழுக்க இழுக்க, ஒவ்வொரு சுத்துக்கும் அது துளி வளைஞ்சு நிமிரும். எங்கயாவது ஒரு கீறல் கிடைச்சா, அங்க பிடிச்சுக் கொஞ்சம் கொஞ்சமா உள்ள அரிக்கும். அரிச்ச தடம் ஒடிஞ்ச முகத்துல வரிவரியா இருக்கும், ஆத்துத் தண்ணி வடிய வடிய மணல்ல கோடு விட்டுட்டுப் போகுமே, அது மாதிரி. வரி எங்க தொடங்குதோ அங்கதான் குத்தம்.

ஏரல் சாஃப்ட்டுல என் வெல்டுக்குள்ள ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை இருந்தது. இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா வரி அங்க தொடங்கல. மூணு சாஃப்ட்டுலயும் ஒரே இடத்துலதான் தொடங்கியிருந்தது. பிள்ளையார் சுழியோட வாலுல.

எங்க பட்டறையில எந்த வேலை முடிஞ்சாலும் அப்பா அது மேல ஒரு 'உ' போடுவார். முன்னால எல்லாம் சாக்பீஸ்லதான் போடுவார், வண்டியில ஏத்துறதுக்குள்ள அழிஞ்சுபோகும். நான் வந்த பிறகு உளியைக் கையில எடுத்தார். பொம்பள கை பட்ட வேலை, சாமி துணை அழியாம இருக்கட்டும்னு நினைப்பு. அதுவும் எங்க? பேரிங்கை ஒட்டி, சாஃப்ட்டு பெருசுல இருந்து சிறுசாத் திரும்புற மூலையில. இழுக்குற பாரம் அத்தனையும் வந்து கூடுற இடம் அது. அங்க சுத்தியலால அடிச்சு, ஆழமா. பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு சும்மாவா சொன்னாங்க.

அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் முகம் கறுத்துப்போச்சு.

"அப்போ, சாமியே ஒடிச்சிட்டாருன்னு சொல்லுதியா, ஏட்டி?"

"சாமி ஒடிக்கலப்பா. உளி ஒடிச்சுது."

பேட்டையில ஒவ்வொரு பட்டறைக்காரனும் சுழியோ பேரோ வெட்டுதான், அவனுக்கெல்லாம் ஒடியுதான்னு கேட்டார். அவங்க வெட்டுறது பழைய முழு இரும்புல, அது கொஞ்சம் பொறுத்துப்போகும், நாம ஏத்துறது கெட்டி இரும்பு, கீறலைப் பொறுக்காதுன்னேன். சாப்பாடு கொண்டுவந்த அம்மா, ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்னு சொல்லிட்டுத் தூக்குச்சட்டியை வச்சாங்க. நான் அன்னைக்குச் சாப்பிடல.

ஏரல் சாஃப்ட்டோட ரெண்டு துண்டையும் வெல்டு வச்சு ஒண்ணாக்கி, மறுபடியும் சதை வச்சேன். சாம்பல்ல அது முழுசா ஆறுற வரைக்கும் யாரையும் தொட விடல. லேத்துல அந்த மூலையைக் கூரா விடாம வளைச்சுக் கடைஞ்சு, எமரித் தாள் போட்டு முகம் தெரியுற அளவுக்குத் தேய்ச்சேன். எல்லாம் முடிஞ்சதும் அப்பா உளியோட வந்தார். நான் குறுக்க நின்னுட்டேன். சந்தனத்துல போடுங்க, குங்குமம் வைங்க, நூத்தெட்டுத் தேங்கா உடைங்க, இரும்பை மட்டும் கீறாதீங்க, கீறினா இது இந்தப் படியைத் தாண்டாதுன்னேன். அப்பாவை எதிர்த்து நான் அப்படிப் பேசினது அதுதான் முதல் தடவை. அவர் உளியைக் கீழ வைக்கல, சாமி துணை இல்லாம அனுப்பப் பயம். அந்தப் பயம் எனக்காகத்தான்னு தெரியும். தெரிஞ்சும் எனக்குக் கோபம் அடங்கல. என் வேலைக்கு நான் போதாதா, காவலுக்கு ஒருத்தர் வேணுமா?

கடைசியில சந்தனத்துல போட்டார். ஏரல் போய்ச் சேருறதுக்குள்ள அது காஞ்சு உதிர்ந்திருக்கும்.

அந்த அறுவடை முடிஞ்சது. அடுத்ததும் முடிஞ்சது. சாஃப்ட்டு ஒடியல. மில்லுக்காரர் ஒரு தார் வாழைப்பழத்தோட வந்து, பிள்ளையார் காப்பாத்திட்டார் அண்ணாச்சின்னு அப்பா கையைப் பிடிச்சுக்கிட்டார். ஒடிஞ்சா என் கை, ஓடினா பிள்ளையார். நல்ல நியாயம். அப்பாவும் தலையாட்டிப் பழத்தை வாங்கிக்கிட்டார். ஆனா அதுக்குப் பிறகு அந்த உளியைப் பட்டறையில நான் பார்க்கல. என்னை வீட்டுல இருன்னும் யாரும் சொல்லல, சொன்னாலும் நான் போயிருக்க மாட்டேன்.

செஞ்ச வேலையில என் பேரை வெட்டணும்னு எனக்கும் ஆசை இருந்தது. வெட்டினா என்ன ஆகும்னு தெரிஞ்சவ நான், அதனால வெட்டல. அம்பாசமுத்திரத்துல இருந்து ஏரல் வரைக்கும் ஆத்தங்கரை மில்லுகள்ல சாஃப்ட்டைக் கழத்திப் பாருங்க. சிலதுல சுழி இருக்கும், சிலதுல பட்டறைக்காரன் பேர் இருக்கும். ஒண்ணுமே இல்லாம வழுவழுன்னு ஒண்ணு ஒடியாம ஓடிட்டிருந்தா, அது நான் செஞ்சது.