ஏரலில் பத்திரமாக இருக்கிறது

போன வாரம் ஆபீசில் இருபது பேக்கப் சர்வர்களைத் தயார் செய்தேன். 'செய்தேன்' என்பதே கொஞ்சம் அதிகம்தான். ஒரு கட்டளையைத் தட்டிவிட்டு டீயைக் கையில் எடுத்தேன். டீ ஆறுவதற்குள் இருபதும் தயார். திரையில் பச்சை எழுத்தில் 'சரி, சரி, சரி' என்று வரிசையாக ஓடியது. அந்த நேரம் பார்த்து, பதினொரு மணிக்கே பசித்துவிடும் பின்மேசைக்காரர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். நெத்திலிக் கருவாடு. ஏசி அறையில் கருவாட்டு வாசனை எப்படி நிற்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆளாளுக்கு மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன். பச்சை எழுத்தும் கருவாட்டு வாசனையும் சேர்ந்து வந்தால் என்னால் இன்னும் அங்கே உட்கார்ந்திருக்க முடியாது. ஏன் என்று சொல்கிறேன். கேட்டுவிட்டு நீங்கள் என்னைத் திட்டினாலும் சரி.

என் முதல் வேலை பாளையங்கோட்டைக்குப் பக்கத்தில், வண்ணார்பேட்டையில். பஸ்கள் ஹாரனை அமுக்கிப் பிடித்துக்கொண்டு திரும்புகிற இடத்துக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு தரைத்தளத்தில், சின்னத் தொண்டு நிறுவனம். கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் குடும்பங்களுக்காக நடந்தது. உடல் கிடைக்காத ஆளைச் செத்ததாக லேசில் யாரும் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். ஏழு வருஷம் ஒரு தகவலும் இல்லை என்றால்தான் கோர்ட் படியேறலாம். அதுவரை, யார் கடைசியாகப் பார்த்தார்கள், என்ன பார்த்தார்கள் என்று சாட்சிகளின் வாக்குமூலத்தைக் குரலிலும் தாளிலும் பதிந்து காப்பாற்றி வைக்க வேண்டும். காப்பாற்றுவது என் பொறுப்பு. கம்ப்யூட்டர் தெரிந்தவன் அங்கே நான் ஒருவன்தான். அந்தத் திமிரும் நிறைய இருந்தது.

கடற்கரை ஊரான உவரியிலிருந்து வருகிற பெண்கள் வெறுங்கையோடு வர மாட்டார்கள். கருவாட்டைத் தாளில் சுற்றி, அதைப் பையில் போட்டு, அந்தப் பையை இன்னொரு பையில் போட்டுக் கொண்டுவருவார்கள். எத்தனை பை போட்டாலும் வாசனை தனியாக முன்னால் வந்து உட்கார்ந்துகொள்ளும். சர்வர் இருந்த அறை முழுக்க அந்த வாசனைதான். அதிகமாகக் கொண்டுவந்தவர் ரெஜினா அக்கா. அவர் புருஷன் மிக்கேல் ஒரு மத்தியானம் சின்ன வள்ளத்தில் தனியாகக் கடலுக்குப் போனவர், திரும்பவில்லை. வள்ளமும் திரும்பவில்லை. மிக்கேலின் அண்ணன் ஊரில் ஒரு கதையைக் கிளப்பிவிட்டிருந்தார்: வள்ளத்தைக் கொல்லத்தில் விற்றுவிட்டு மிக்கேல் அங்கே வேறொருத்தியோடு குடித்தனம் பண்ணுகிறான் என்று.

"செத்த வீடுன்னா நாலு பேரு வந்து உக்காருவாவ சார். எங்க வீட்டுக்கு ஒருத்தரும் வரல. ஓடிப்போனவம் பொண்டாட்டின்னுதான் சொல்லுதாவ. கடல்ல போனாவன்னு ஒரு காயிதம் வாங்கிக் குடுங்க, போதும்" என்பார். ஒவ்வொரு தடவையும் இதையே சொல்வார். கேட்டுக் கேட்டு எனக்குப் பாதியிலேயே தலை ஆட்ட வந்துவிட்டது.

மிக்கேல் போய் ஒரு வருஷம் கழித்து சேசையா அண்ணாச்சி வந்தார். அதே ஊர்க்காரர், அதே மத்தியானம் தன் வள்ளத்தில் கடலில் இருந்தவர். உள்ளே வந்ததும், "கதவச் சாத்துலே" என்றார். சாத்தினேன். ரெக்கார்டரை வைத்தேன். அதைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டார்.

"மிக்கேலு ஓடல. எங் கண்ணு முன்னாலதான் போனான். அவன் வள்ளம் கவுந்துட்டு. நா கயித்த எறிஞ்சேன், எட்டல. எம் வள்ளத்துலயும் தண்ணி ஏறிட்டு. நா திரும்பிட்டேன்லே, அவன விட்டுட்டுத் திரும்பிட்டேன்."

ஊரில் அவர் இதை யாரிடமும் சொல்லவில்லை. கரை சேர்ந்ததும் வாய் எழவில்லையாம். மறுநாள் சொல்லலாம் என்று இருந்தாராம். அதற்குள் கொல்லத்துக் கதை கிளம்பிவிட்டதாம். நான் டைப் அடித்த தாளில் கைநாட்டு வைத்தார். போகும்போது, "நா இருக்க வரைக்கும் அவகிட்ட இத போட்டுக் காட்டாத. அவ மூஞ்சில என்னால முழிக்க முடியாது. நா போன பொறவு காட்டு" என்றார். சரி என்று வாக்குக் கொடுத்தேன்.

இந்த இடத்தில் ஜெபராணியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். என் வயதுதான், பக்கத்து மேசை, அலுவலகத்தின் தட்டச்சு, தபால் எல்லாம் அவள் கையில்தான். நான் சேருவதற்கு முன்பிருந்தே சாயந்தரமானால் அன்றைய பதிவுகளை ஒரு ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி, துண்டில் சுற்றி, டிபன் கேரியருக்குப் பக்கத்தில் வைத்து, பாளையங்கோட்டை வீட்டுக்கு பஸ்ஸில் கொண்டுபோவாள். காலையில் திரும்பக் கொண்டுவருவாள். அந்த டிஸ்க்கின் மேல் எப்போதும் லேசாக மோர் வாசனை வரும். நான் அவளைக் கேலி செய்யாத நாள் இல்லை. "எலுமிச்சங்கா ஊறுகாவையும் அதுலயே காப்பி பண்ணிக்கோ" என்பேன். "சிரிங்க சார், சிரிங்க. நா ஒரு நாள் விட்டாத்தான் உங்களுக்குத் தெரியும்" என்பாள்.

ஒரே கட்டளையில் சர்வரைத் தயார் செய்கிற அந்த மென்பொருள் கருவியை அப்போதுதான் நான் கற்றுக்கொண்டேன். ஒரு பேக்கப் சர்வரில் என்னென்ன இருக்க வேண்டும், டேட்டாபேஸ் எத்தனை மணிக்கு எங்கே நகலாக வேண்டும், யாருக்கு அனுமதி, எல்லாவற்றையும் ஒரு கோப்பில் எழுதிவிட்டால் போதும். கருவி ஒவ்வொரு இயந்திரத்துக்குள்ளும் நுழைந்து பார்க்கும். இருப்பதைத் தொடாது, இல்லாததைச் செய்துவிட்டு வரும். மனிதக் கை படவே வேண்டாம். எனக்குத் தலைகால் புரியவில்லை. சாப்பாட்டு நேரத்தில்கூட அந்தக் கோப்பைத் திறந்து படித்து ரசித்துக்கொண்டிருப்பேன். காதல் கடிதத்தைக்கூட நான் அப்படித் திருத்தித் திருத்தி எழுதியதில்லை.

நகல் வேறு ஊரில் இருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விதி. சாட்சிகளின் குரல் அடுத்தவர் இயந்திரத்துக்குப் போகக் கூடாது என்று நிறுவனத்தின் தலைவர் சொல்லிவிட்டார். அவருடைய மைத்துனருக்கு ஏரலில் வாழைத்தார் மண்டி; பின்னறை சும்மா கிடந்தது, வாடகை வேண்டாம் என்றார். பழைய இயந்திரம் ஒன்று கிடைத்தது, அதில் போடப் பெரிய டிஸ்க் இல்லை. ஜெபராணியிடம் கையை நீட்டினேன்.

"இது போய்க்கிட்டும் வந்துக்கிட்டும் இருக்கட்டுமே சார். உங்க மிஷினு ஒரு பக்கம் செய்யட்டும்."

"ரெண்டு வேல எதுக்கு? இனி நீ டிபன் கேரியர் மட்டும் தூக்கினாப் போதும்."

கொடுத்துவிட்டாள். அதைச் சுத்தமாக அழித்துப் புதிதாக்கி ஏரல் இயந்திரத்தில் பொருத்தினேன். வண்ணார்பேட்டையிலிருந்து கட்டளை தட்டினேன். பச்சை, பச்சை, பச்சை. அலுவலகத்தில் எல்லோருக்கும் அல்வா வாங்கிக் கொடுத்தேன்.

அந்த மாதம் சேசையா அண்ணாச்சி இறந்துபோனார். ரெஜினா அக்காவுக்குப் போன் பண்ணி, அவர் ஒரு வாக்குமூலம் தந்திருக்கிறார், மிக்கேல் ஓடிப்போகவில்லை என்று அதில் இருக்கிறது என்றேன். அதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். பிறகு, "நாளைக்கே வாரேன் சார். எங் காதால கேக்கணும்" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? புது ஏற்பாட்டுக்கு எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டிருக்கிறேன், கிறிஸ்துமஸ் கழித்து வாருங்கள், நிதானமாகப் போட்டுக் காட்டுகிறேன் என்றேன். ஒரு ஸ்பீக்கரைச் செருக எவ்வளவு நேரம் ஆகிவிடும்? அந்தக் கோப்பில் இன்னும் நாலு வரி அழகாக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான் காரணம்.

வீடுகளில் நட்சத்திரம் கட்ட ஆரம்பித்திருந்தார்கள். மழை பிடித்தது, விடவே இல்லை. இரண்டாம் நாள் காலையில் ஜெபராணி போன் செய்தாள்.

"சார், ஆத்துல வெள்ளம். ஆபீசுக்குள்ள ஜன்னல் மட்டத்துக்குத் தண்ணியாம். ஃபைலெல்லாம் கீழ்த் தட்டுலல்லா இருக்கு!"

"அதான் ஏரல்ல பத்திரமா இருக்கே. நீ எதுக்குப் பதறுத?"

வீட்டிலிருந்தபடியே சோதித்தேன். வண்ணார்பேட்டை சிவப்பு, தொடர்பு இல்லை. ஏரல் பச்சை. உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது, அந்த நேரம் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. நான் கட்டியது வேலை செய்கிறது! அன்று முழுக்க ஏரல் இயந்திரம் பச்சையாகவே பதில் சொன்னது. இன்னொரு கட்டளை தட்டியிருந்தால் சேசையா அண்ணாச்சியின் குரல் கால் மணி நேரத்தில் என் லேப்டாப்புக்கு வந்திருக்கும். தோன்றவே இல்லை. மகளோடு உட்கார்ந்து வாழைக்காய் பஜ்ஜி தின்றேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஏரலும் சிவப்பானது. வேறு வெள்ளம் இல்லை, வண்ணார்பேட்டைக்குள் புகுந்த அதே தண்ணீர்தான். ஏரல் போய்ச் சேர அதற்குக் கொஞ்சம் நேரம் பிடித்திருக்கிறது. என் கோப்பில் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் பெயர், எண், கடவுச்சொல் எல்லாம் உண்டு. பக்கத்தில் ஆறு இருக்கிறதா என்று ஒரு வரி கிடையாது. கருவியைக் குற்றம் சொல்ல முடியுமா? எழுதியவன் இந்த ஊரிலேயே பிறந்து, தாமிரபரணி எந்தெந்த ஊர் வழியாகக் கடலுக்குப் போகிறது என்று பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணியவன்.

சாலை திறந்ததும் ஏரலுக்குப் போனேன். மண்டியின் பின்னறையில் முட்டளவு சேறு, அழுகிய வாழைத்தார் நாற்றம். இயந்திரத்தைத் தோண்டித்தான் எடுத்தோம். டிஸ்க்கைச் சென்னைக்கு அனுப்பினோம். உள்ளே வண்டல் போய்விட்டது, ஒன்றும் தேறாது என்று திருப்பி அனுப்பினார்கள். வண்ணார்பேட்டைத் தாள்கள் கூழாகிக் கிடந்தன. ஜெபராணி கூழுக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டே, "நா அந்த டிஸ்க்க உங்ககிட்ட குடுத்திருக்கக் கூடாது சார்" என்றாள். என்னைத் திட்டியிருக்கலாம். பாவி, தன்னையே திட்டிக்கொண்டாள்.

ஏழு வருஷம் முடிந்து வழக்குப் போட்டபோது, சேசையா அண்ணாச்சி சொன்னதை நான் கூண்டிலேறிச் சொல்கிறேன் என்று வக்கீலிடம் கெஞ்சினேன். "அது சாட்சி ஆகாதுவே. செத்தவரு சொன்னதா நீரு சொல்லுதீரு. நீரா பாத்தீரு?" என்றார். கோர்ட்டிலிருந்து காகிதம் வந்தது. காணாமல் போனவர், ஏழு வருஷமாகத் தகவல் இல்லை, எனவே இறந்ததாகக் கொள்ளலாம் என்று எழுதியிருந்தது. கடல் என்ற வார்த்தை அதில் எங்கேயும் இல்லை. மிக்கேலின் அண்ணன் அதை வாங்கிப் படித்துவிட்டு, கொல்லத்திலும் ஆட்கள் காணாமல் போவது உண்டுதானே என்றாராம்.

நிறுவனத்தை மூடிவிட்டார்கள். அந்தச் சந்தில் இப்போது செல்போன் உறைகள் விற்கிறார்கள். ரெஜினா அக்கா மட்டும், மிக்கேல் கடலுக்குப் போன தேதியில் வருஷா வருஷம் எனக்குப் போன் செய்வார். கோர்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார். "அண்ணாச்சி என்ன சொன்னாவ, ஒருக்காச் சொல்லுங்க" என்பார். நான் முதலிலிருந்து சொல்வேன்: கதவைச் சாத்தச் சொன்னது, வள்ளம் கவிழ்ந்தது, கயிறு எறிந்தது, திரும்பியது. நடுவில் பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பார். முடிந்ததும், "வைக்கேன் சார்" என்பார்.

போன வருஷமும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். திடீரென்று நிறுத்தினார்.

"சார், போன தடவ அண்ணாச்சி ரெண்டு மட்டம் கயிறு எறிஞ்சாவன்னு சொன்னிய. இப்ப மூணு மட்டம்ங்கிய. எது நெசம்?"

கண்ணை மூடி சேசையா அண்ணாச்சியின் குரலை வரவழைக்கப் பார்த்தேன். வரவில்லை. வந்ததெல்லாம் என் குரல்தான், வருஷா வருஷம் இவரிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய என் குரல்.

"தெரியலக்கா" என்றேன்.

"சரி சார்" என்று வைத்துவிட்டார்.

இந்த வருஷமும் அந்தத் தேதி வந்து போயிற்று. நாள் முழுக்கப் போனைக் கையிலேயே வைத்திருந்தேன். அவர் கூப்பிடவில்லை.